ஆடியில் வாங்கிய சர்வர்

அன்னூர்ப் பக்கம் நூற்பாலை நடத்தும் கந்தப்பன் விலை கேட்டால், எதிரில் இருப்பவரின் குடும்ப நலத்தை அன்பாக விசாரித்துக்கொண்டே பாதி விலையில் வந்து நிற்பார். அவருக்கு சர்வர் விற்கப் போனவர் கோவை கோட்டைமேட்டு கம்ப்யூட்டர் வியாபாரி யூனுஸ். அவரும் பேரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்தான்.

ஆலையின் பழைய சர்வரில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் காலம் முடிந்துவிட்டது. செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள், இனி அதில் திருடன் நுழைய ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. எந்த மூட்டை நூல் எந்த லாட், அதாவது எந்தப் பஞ்சுக் கலவையில் நூற்றது என்பது அந்த சர்வருக்கு மட்டும்தான் தெரியும். மூட்டைமேல் இருப்பது வெறும் பார்கோடு. இரண்டு லாட் கலந்தால் துணி பட்டை பட்டையாக விழும், நூலைத் திருப்பூரில் ஒருவரும் தொடமாட்டார்கள். சர்வர் போனால் ஆலை போச்சு என்று, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் லோகப்பிரியா பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

யூனுஸ் சந்தை நிலவரத்தை விளக்கினார். ஆபரேட்டிங் சிஸ்டத்தை முன்பு போல ஒரே விலை கொடுத்து வாங்கிப் போடுகிற காலம் இல்லை. இப்போது சர்வரின் மூளையான பிராசஸரில் எத்தனை கூறு, கோர் என்பார்கள், இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனி லைசென்ஸ், சிலதுக்கு வருஷ வாடகை.

"மாட்டை வித்துப்போட்டு கொம்புக்குத் தனியா வெல கேக்கறீங்களே பாய்" என்றார் கந்தப்பன்.

பாதிப் பேர் லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்துக்கு மாறிவிட்டார்கள், அது இலவசமாகவே கிடைக்கும் என்று லோகப்பிரியா எடுத்துச் சொன்னாள். அது கந்தப்பனுக்கு அறவே பிடிக்கவில்லை.

"காசே வாங்காதவங்ககிட்ட நாளைக்கு எப்படி அம்மணி சண்டைக்குப் போறது?"

சித்திரையில் தொடங்கிய பேரத்தை ஆடிவரை இழுத்தார். ஜவுளிக்கடைக்காரர்கள் தருகிற ஆடித் தள்ளுபடியை யூனுஸ் மட்டும் ஏன் தரக்கூடாது என்பது அவர் கேள்வி. யூனுஸ் தந்தார். பெட்டி வந்து இறங்கியது. அதைப் பிரிக்க லோகப்பிரியா கத்தியோடு வந்தபோது கந்தப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பார்க்கலாம்.

"ஆடியில வாங்கினது மட்டும் ஆகுங்களா, ஐயா?"

"அது வாங்கறது கண்ணு. இது ஆரம்பிக்கறது."

பிரிக்காத பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்.

ஆடிப்பெருக்குக்கு ஆலை விடுமுறை. திரும்பி வந்து பார்த்தபோது பழைய சர்வரில் எதுவும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் சாவி தருவோம் என்று திரையில் எழுதியிருந்தது. காப்புக்கு நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் அதிலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது.

முகம் தெரியாத அந்தத் திருடர்களிடமும் கந்தப்பன் பேரம் பேசினார். லோகப்பிரியாவை மெயில் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசகம் சொன்னார். அவர்கள் இரண்டு முறை இறங்கி வந்தார்கள். ஆலையே முடங்கிக் கிடந்த அந்த வாரத்தில் அவர் முகம் தெளிந்திருந்தது அப்போது மட்டும்தான். பணம் போனது, சாவி வந்தது. அந்தச் சாவிக்கு எதுவும் திறக்கவில்லை.

குடோன் நிறைய நூல். எந்த மூட்டை எந்த லாட் என்று சொல்ல ஆளில்லை. ஆர்டர்கள் ஈரோட்டுக்கும் ராஜபாளையத்துக்கும் போயின. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஆட்கள் பெட்டி படுக்கையோடு ரயிலேறினார்கள். மில்லுக்குள் நூல் நூற்கும் ஒரு ஸ்பிண்டில்கூடச் சுற்றவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று யூனுஸை வரச் சொன்னார் கந்தப்பன். சர்வரை மாட்டி ஓடவைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று யூனுஸ் ஆளோடு வந்தார். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

"பிரிக்கவே இல்லீங்க பாய். திரும்ப எடுத்துக்கறீங்களா?"

யூனுஸ் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வழக்கம்போல, எதிராளி ஏற்றிக் கேட்பார் என்று மனதில் வைத்து, அடிமட்ட விலை ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"சரிங்க" என்றார் கந்தப்பன்.

யூனுஸ் தடுமாறிப்போனார். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, பொட்டு வைத்த பெட்டி என்றால் வாங்க வருகிறவர் யோசிப்பார் என்று முணுமுணுத்தார். கந்தப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குனிந்து துடைத்தார். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் அட்டையில் ஊறிப்போயிருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது.