ஊறப்போட்ட கல்

எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. நானும் என் ஓரகத்தியும் அங்கே கற்களைப் பதக்கங்களாகச் செய்து விற்கிறோம். துளையிடுவது அவள், வெள்ளிக் கம்பி சுற்றுவது நான். எந்தக் கல் வந்தாலும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அழுக்கு போனால்தான் கல்லின் முகம் தெரியுமாம்.

தன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் நாத்தனார் வந்தாள். எப்போதும் வாசலோடு பேசிவிட்டுப் போகிறவள், அன்று உள்ளே வந்து உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்தாள். நெல்லிக்காய் அளவில் ஓர் இளஞ்சிவப்புக் கல்.

"அவர் குடுத்தது, அண்ணி. கல்யாணத்தன்னைக்கு இதைத்தான் கழுத்துல போட்டுக்கப் போறேன்."

எங்களிடம் அவள் கேட்ட முதல் காரியம் அது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை ஓரகத்தி போட்ட சத்தத்தில் ஓடினேன்.

"அக்கா, கல்லைக் காணோம்!"

"அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு? நல்லாப் பாருடி."

ராத்திரி ஊறவைத்த கிண்ணத்தின் அடியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கிடந்தது. அவள் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணிப் போயிற்று.

"உப்புக்கா! அந்த மனுஷன் உப்பைக் குடுத்திருக்கார்!"

மாப்பிள்ளைக்கு உப்புச் சுரங்கத்தில் வேலை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

"தண்ணியக் கொட்டிடாதே," என்றேன். "அவ கல்லு அதுலதான் இருக்கு."

மறைத்தால் முதலுக்கே மோசம் என்று உடனே அவளை வரச்சொல்லிக் கிண்ணத்தைக் காட்டினோம். அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"திரும்ப வருமா, சின்னண்ணி?"

"வர வைக்கிறேன். வரலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்," என்றாள் ஓரகத்தி, எந்த தைரியத்தில் என்று தெரியவில்லை.

தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, அகலத் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தோம். நாத்தனார் வேலை முடிந்ததும் நேரே எங்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். மூன்று தலைகளும் தட்டின்மேல் முட்டிக்கொள்ளும். முதலில் வெறும் ஏடுதான். பிறகு ஒரு சாயங்காலம் அவள் வீடே அதிரக் கத்தினாள்.

"பெரியண்ணி, கட்டம் கட்டமா வந்திருக்கு!"

அளவு பிடித்து அறுத்ததுபோல் சதுரச் சதுரமாக, கண்ணாடி மாதிரித் தெளிந்த உப்பு மணிகள்.

மிஞ்சிய கல்லைத் துளையிடாமல் கம்பிக் கூட்டுக்குள் உட்காரவைத்தேன். வியர்வை படாதிருக்க ஓரகத்தி அதற்கு நிறமில்லா நகப்பூச்சு அடித்தாள். மணிகளில் நல்லதாகப் பொறுக்கிக் குட்டிக் கண்ணாடிக் குமிழ்களில் அடைத்துக் கம்மல் செய்தோம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அவள் கழுத்தையும் காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒரு கல்லுதானே குடுத்தேன்?"

"எங்க வீட்டுக்கு வந்தா குட்டி போடும்," என்றாள் நாத்தனார், எங்கள் இருவர் தோளிலும் கைபோட்டுக்கொண்டு. "எங்க அண்ணிங்க கைராசி அப்படி."

அவர் நம்பிவிட்டார்போல. போன வாரம் ஒரு கூடை உப்புக்கல் வந்து இறங்கியிருக்கிறது.

ஓரகத்தி சட்டத்தை மாற்றிவிட்டாள். இப்போது எந்தக் கல் வந்தாலும் முதலில் நக்கிப் பார்க்கிறாள். வாங்க வருகிறவர்கள்தான் கொஞ்சம் பயந்துபோகிறார்கள்.