விடுப்பு தொடங்கும் தேதி

மூன்றாவது படிவத்தையும் அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். தொழிற்சாலையில் அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று பெயர்.

"இன்னும் எத்தன தடவம்மா தேதிய மாத்துவீங்க?"

"இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடறேன் சார்."

"பிரசவத் தேதிக்கே கொண்டுபோய் விட்டுட்டீங்க. இதுக்கு மேல தள்ளினா பிள்ளதான் வந்து கையெழுத்துப் போடணும்."

மகப்பேறு விடுப்பு மொத்தம் இருபத்தாறு வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். முன்னால் எடுத்தது பின்னால் குறையும். காப்பகத்தில் ஆறு மாதம் முடியாத பிள்ளையைச் சேர்ப்பதில்லை. இருபத்தாறு வாரம் என்றால் சரியாக ஆறு மாதம். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அம்மா போய்ச் சேர்ந்து நான்கு வருடம். மாமியார் கொழுந்தனார் வீட்டில் படுத்த படுக்கை. கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எங்கே எது நின்றாலும் ஓட வேண்டும்.

முன்னால் ஒரு நாள் எடுத்தால், பின்னால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள் ஆளில்லை. அவள் ஒரு நாளைக்கூட விடுவதாக இல்லை.

மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. மேலே உள்ள புனலிலிருந்து மாத்திரைகள் ஒரு நீளமான இரும்புத் தட்டில் கொட்டும். தட்டு அதிர்ந்து அதிர்ந்து அவற்றை வரிசையாக நகர்த்தும். உடைந்ததைப் பொறுக்க வேண்டும். அட்டையில் நிரம்பாத குழியைக் கையால் நிரப்ப வேண்டும். வயிறு பெருத்த பிறகு அவளால் எட்டிச் செய்ய முடியவில்லை. தட்டின் விளிம்பில் வயிற்றை அணைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துத் தட்டருகே நின்ற அக்கா இரண்டு பெற்றவள்.

"எப்போடி லீவு?"

"வலி எடுத்தா இங்கேருந்தே போயிடறேன்க்கா."

"அப்ப பிள்ளைக்கும் ஒரு அடையாள அட்ட அடிக்கச் சொல்லிடறேன். மொத நாளே லேட்டுன்னு எழுதிடப் போறானுங்க."

முப்பத்திரண்டாவது வாரம் மருத்துவர் ஒரு சின்ன நோட்டு கொடுத்தார். மதியம் சாப்பிட்டதும் இடப்பக்கமாகப் படுத்து, இரண்டு மணி நேரம் பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும். பத்து வர வேண்டும். குறைந்தால் அன்றே வர வேண்டும்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். படுக்க இடம் ஏது? அவள் நின்றபடி எண்ணினாள். தேநீருக்கு விட்டதும் நோட்டில் எழுதினாள். பத்து, பதினொன்று, பத்து, பன்னிரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் படுத்து எண்ணினாள். முதல் வாரம் ஏழு வந்தது. அடுத்த வாரம் நான்கு.

கணவன் வயிற்றில் காது வைத்துப் பார்த்தான். "அதுக்கும் ஞாயித்துக்கிழம லீவு போல."

"அப்பா மாதிரி. கூப்பிட்டாத்தான் எழுந்திருக்கும்."

நான்கு என்று எழுதி, பக்கத்தில் 'நடுவில் தூங்கிவிட்டேன்' என்று எழுதினாள். உண்மையில் தூங்கித்தான் இருந்தாள்.

அவன் அவள் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். விரலால் அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

"இப்பவே எடுத்துடேன் லீவ."

"எடுத்தா கடைசி அஞ்சு வாரம் யார் பாத்துப்பா?"

"பாத்துக்கலாம்."

"யாருன்னு சொல்லுங்க."

அவன் மற்றப் பாதத்தை எடுத்தான்.

வியாழக்கிழமை மூன்று மணி வாக்கில் எட்டு வரை எண்ணியிருந்தாள். மோட்டாரின் பெல்ட் அறுந்து தட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினான். அரை மணி ஆகும் என்றான். பெண்கள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒன்பதாவதுக்குக் காத்திருந்தாள்.

"ஒக்காரேன்டி. நின்னா மட்டும் ரெண்டு சம்பளமா தரப் போறான்?"

அவள் தட்டை விட்டு ஓரடி விலகினாள். இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"அக்கா, ஒரு மணி நேரத்துல எத்தன தடவ கொட்டுது?"

"எது?"

"மாத்திர. மேலேருந்து கொட்டறப்ப தட்டு ஒரு ஒதறு ஒதறும்ல. அது."

"அஞ்சு தடவ இருக்கும். ஏன்?"

அவள் கையுறைகளைக் கழற்றினாள். இரண்டையும் ஒன்றாகச் சுருட்டினாள். எங்கே போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக எண்ணியதில் எது பிள்ளை, எது தட்டு என்று இனிப் பிரிக்க முடியாது.

அக்கா நோட்டைப் பார்த்தாள். அவள் தோளைப் பிடித்து வாசலுக்கு நடத்தினாள்.

மருத்துவர் கருவியை வயிற்றில் நகர்த்தினார். திரும்ப நகர்த்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவங்க உங்களுக்கு யாரு?"

"கூட வேல செய்யறவங்க."

"வீட்டுக்காரர வரச் சொல்லுங்க."

"எங்கிட்டயே சொல்லுங்க."

"துடிப்பு இல்லம்மா. மூணு நாளாவது ஆயிருக்கும்."

நோட்டில் திங்கள் பதினொன்று, செவ்வாய் பத்து, புதன் பன்னிரண்டு என்று இருந்தது.

மறுநாள் மாலை பிறந்தது. பெண். பார்க்கிறீர்களா என்று செவிலி கேட்டாள். பார்த்தாள். தலை நிறைய முடி. கணவன் ஒரு விரலால் அதை ஒதுக்கிவிட்டான். அரை மணி நேரம் கழித்துக் கொண்டுபோனார்கள்.

படிவத்தை அவன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னான்.

"பொறந்த தேதியிலேருந்து போட்டுக்கிட்டாரு. முழுசும் உண்டாம். ஒரு நாள்கூடக் கொறையாதாம்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

மூன்றாம் நாள் பால் கட்டியது. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எல்லாச் சட்டைகளும் நனைந்தன. துவைத்தாள். காய்வதற்குள் அடுத்தது நனைந்தது. அதைத் தவிர நாளில் வேறு வேலை இருக்கவில்லை.

பத்தாம் நாள் தொழிற்சாலைக்குப் போனாள். எழுத்தர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் எழுந்து அவள் பார்த்ததில்லை.

"எனக்கு லீவு வேண்டாம் சார். நாளைக்கு வரேன்."

"ஆறு வாரத்துக்கு உள்ள விடவே கூடாதும்மா. சட்டம்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறமும் உங்களுக்குப் பாக்கி இருக்கு." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "வேண்டாம்னு இதுவர யாரும் கேட்டதில்லம்மா. எந்தப் படிவத்துல எழுதறதுன்னு எனக்கே தெரியல."

"அப்ப முன்னாடி போட்டுக்குங்க."

"என்னது?"

"எட்டு வாரத்த முன்னாடி போட்டுக்குங்க. எடுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க. நான் வேலைக்கு வந்த நாளயெல்லாம் லீவுன்னு எழுதிடுங்க. வீட்டுல இருந்தேன்னு எழுதுங்க."

"அம்மா…"

"எட்டு வேண்டாம். மூணு வாரம் போதும். அந்த மூணு வாரம் மட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, சிரிக்கவில்லை. கணினித் திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க வந்திருக்கீங்களேம்மா. கைரேக பதிஞ்சிருக்கு."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, அந்த வியாழக்கிழமையிலிருந்து தேதிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்கத் தொடங்கினாள்.