கனிசியஸ் பாடிச் சொன்ன 'இல்லை'

குருநகரில் கனிசியசிடம் இரவல் கேட்டுப் பெற்றவர் எவருமில்லை. கேட்டு முடிவதற்குள் "இல்லை" என்றுவிடுவார். அப்படிப்பட்டவரைத்தான் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் பாரிசவாதம் பிடித்தது. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவரின் வலக்கையிலிருந்து ஊசி விழுந்தது. எடுக்கப் பார்த்தால் கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிப் போயிற்று. சில கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, வலக்காலை இழுத்தபடி வீட்டுக்கு வந்தார். பேச்சில் மிஞ்சியது ஆமென்று பொருள்படும் ஒரேயொரு சொல். அது "ஓம்."

பசிக்குதோ என்றாலும் ஓம், வயிறு நிறைந்ததோ என்றாலும் ஓம். மனதுக்குள் சரியான சொல்லை எடுத்து வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார். வெளியே வருவது ஓம்.

ஒன்றுவிட்ட தம்பி பிலிப்பு பார்க்க வந்து, சுகம் விசாரித்த கையோடு சைக்கிளையும் கேட்டான். சண்டைக்காலத் தடையால் பெற்றோல் கண்ணில் படாத காலம். சைக்கிள் இருந்தவன் ராசா. கனிசியஸ் மூச்சையெல்லாம் கூட்டி "இல்லை" என்று சொல்லப் போனார். "ஓம்" என்றார். பதறிப்போய், இடக்கையால் கட்டிலில் அடித்து அடித்து மறுபடியும் "ஓம், ஓம்" என்றார். இவ்வளவு மனமுவந்து தருகிறாரே என்று பிலிப்பு கண் கலங்க, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

செய்தி பரவிற்று. பெற்றோல்மாக்ஸ் விளக்குப் போனது, ஏணி போனது, ஊருக்கே சோறாக்கும் பெரிய கிடாரமும் போனது. மாதா அவருடைய மனதை இளக்கிவிட்டா என்று மனைவி யோசப்பின் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். கனிசியஸ் முகட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அருமைநாயகி மிஸ்ஸிதான் விசயத்தைப் பிடித்தார்.

"ஐயா, நீங்கள் பொம்பிளையோ?"

"ஓம்."

யோசப்பினுக்கு முகம் கறுத்தது. மிஸ்ஸி அவளைப் பக்கத்தில் இருத்தினார். "அவர் சொல்லுற ஓமை நம்பாதேங்கோ அக்கா. சொல் தலைக்குள்ளை இருக்கு, வாய்க்கு வாற வழிதான் அடைபட்டுக் கிடக்கு. பாடச் சொல்லிப் பாப்பம். பாட்டு வேறை வழியாலை வரும்."

யோசப்பின் மாதா பாட்டொன்றைத் தொடங்கினாள். கனிசியஸ் கூடவே ஒரு சொல் பிசகாமல் பாடினார். பாடி முடித்தவர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார்.

தேவையான சொற்களை மெட்டில் போட்டுப் பழகச் சொன்னார் மிஸ்ஸி. கருவாட்டை மறக்கவும் பிரசர் குளிசையை விழுங்க மறக்காமலிருக்கவும் சொன்னார். தண்ணி, சோறு என்று யோசப்பின் தொடங்கிப் பார்த்தாள். கனிசியஸ் முதலில் பழகியது வேறு.

அடுத்த கிழமை பிலிப்பு வள்ளத்து இஞ்சினைக் கேட்டு வந்தான். கனிசியஸ் கண்ணை மூடி, மாதா பாட்டு மெட்டில் நீட்டி எடுத்தார்: "இல்லை... இல்லை... தரமாட்டன்... சைக்கிளையும் கொண்டு வா..."

பிலிப்பு பழக்கதோசத்தில் எழுந்து நின்று சிலுவை போட்டான். பிறகுதான் சொற்கள் காதில் ஏறின. அன்று பின்னேரமே சைக்கிள் வந்தது, ஒரு மிதிகட்டை இல்லாமல்.

வலக்கை கடைசிவரை ஊசி பிடிக்கவில்லை. இடக்கையால் முடிச்சுப் போடப் பழகினார். வருசம் திரும்புவதற்குள் சாதாரணப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாய் வந்துவிட்டது. ஆனால் இரவல் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் அவர் தொடர்ந்து பாட்டாகவே பதில் சொன்னார். பாட்டுக்கு எதிர்ப்பேச்சுப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை.