டிரக்கில் ஆட்டிய கை

வெர்னா கிளெண்டாவின் ஆபீஸ் கதவைத் திறந்த வேகத்தில் மேலே தொங்கிய மணி கழன்று விழப் பார்த்தது. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் என்று ஒஹாயோ மாநிலத்து அந்தச் சின்ன ஊருக்கே தெரியும். இன்றைய கோபம் நியாயமானது. கூரை மாற்ற அனுமதி கேட்கப் போன இடத்தில், "வீட்டைத்தான் மூணு வாரத்துக்கு முன்னாடியே மகன் பேருக்கு எழுதிட்டீங்களே" என்று சொல்லி, பத்திரத்தின் நகலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் எதையும் எழுதவில்லை.

"எவனோ எங்கயோ உக்காந்து கம்ப்யூட்டர்ல முத்திரை குத்திட்டான் கிளெண்டா! என் வீடு போச்சு!"

கிளெண்டாவுக்கு இன்சூரன்ஸ் விற்பது பிழைப்பு. கூடவே முப்பது வருடமாக ஊருக்கு நோட்டரி. எதிரில் நின்று கையெழுத்துப் போடுகிறவர் அவரேதானா என்று பார்த்து முத்திரை வைப்பாள். ஆன்லைன் நோட்டரி என்றாலே அவளுக்கு ஆகாது.

"நான் அப்பவே சொல்லல? நேர்ல மூஞ்சியப் பாக்காம அது என்னடி நோட்டரி? ஆன்லைன்லதான் நடந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

வெர்னா போனை நீட்டினாள். ஒரு ஆன்லைன் நோட்டரி கம்பெனியிடமிருந்து வந்து, குப்பை என்று படிக்காமல் விட்டிருந்த பழைய மின்னஞ்சல். கிளெண்டா படித்தாள்.

"இது முடியாதுன்னுல்ல சொல்லுது. உன் பேரச் சொல்லி வந்த பொம்பளைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியல, உன் டிரைவிங் லைசென்ஸ் போட்டோவோட முகமும் சேரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப இத எந்தப் பாவி குத்தினான்? என் கண்ணாடி வீட்ல கிடக்கு. நீயே படி!" நகலை மேசையில் அறைந்தாள்.

'என் முன் நேரில் தோன்றி' என்ற வரிக்குக் கீழே முத்திரை. கிளெண்டாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருடி?"

"நான்தான்."

வெர்னாவுக்கு அது உடனே உறைக்கவில்லை.

"உன் மகன் டுவேன்தான் கொண்டு வந்தான். அம்மாவுக்கு முட்டி வலி, டிரக்ல இருக்கா, கையெழுத்துப் போட்டாச்சுன்னான். ஜன்னல் வழியாப் பாத்தேன். உன் பச்சைக் கோட்டு தெரிஞ்சுது. கையாட்டினேன். அவளும் ஆட்டினா."

"அந்தக் கோட்ட கிறிஸ்துமஸுக்கே அவன் கூட இருக்கறவளுக்குக் குடுத்துட்டேன்டி!"

பெற்ற மகன் செய்த துரோகம் ஒரு பக்கம் எரிந்தது. ஆனால் எதிரில் இருந்தவள் கிளெண்டா.

"டிரக் எவ்வளவு தூரத்துல நின்னுச்சு?"

"இருபது அடி இருக்கும். முப்பது வருஷமா உன்னத் தெரியும்னுதான் எழுந்து வரல வெர்னா."

"தெரிஞ்சவளா இருந்தா மூஞ்சியப் பாக்க வேண்டாமா? முன்னப்பின்ன தெரியாதவன் என் வீட்டக் காப்பாத்தினான். நீ கையாட்டிக் குடுத்துட்ட! எழுது. நான் நேர்ல வரலன்னு எழுது."

"என் முத்திரையப் பிடுங்கிடுவாங்க."

"எனக்கு வீடே போச்சு. அந்தக் காகிதம் இல்லாம எந்த ஜட்ஜ் என்ன நம்புவான்?"

கிளெண்டா மேசை மேல் கிடந்த தன் முத்திரையை ஒதுக்கி வைத்தாள். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்து எழுதி முடித்தாள். அந்த வாக்குமூலத்துக்கும் ஒரு நோட்டரி வேண்டும். தன் கையெழுத்துக்குத் தானே முத்திரை வைக்க முடியாது. ஊரில் வேறு நோட்டரி இல்லை.

"அந்த ஆன்லைன்காரனையே கூப்பிடு," என்றாள் வெர்னா.

திரையில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். லைசென்ஸை முன்னும் பின்னும் காட்டச் சொன்னான். முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொன்னான். இருபது வருடத்துக்கு முன் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள் என்று கேட்டான். முப்பது வருட நோட்டரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"கடைசியா ஒண்ணு மேடம். உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே? உங்க விருப்பத்தோடதான் கையெழுத்துப் போடறீங்களா?"

கிளெண்டா நிமிர்ந்து வெர்னாவைப் பார்த்தாள்.

"ஆமா. என் விருப்பம்தான்." கையெழுத்துப் போட்டாள். திரையில் முத்திரை விழுந்தது.

வெர்னா அச்சிட்ட தாளை மடித்துப் பையில் வைத்தாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

"இந்த ஒரு கேள்விய டிரக் வரைக்கும் வந்து கேட்டிருக்கலாமேடி."