உம்மாவின் தோளும் டிலக்‌ஷனின் அறிக்கையும்

டிலக்‌ஷனை வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான்தான். இயன்மருத்துவப் பட்டத்துக்கு என்னோடு படித்தவன், மாம்புரிக்காரன். நான் அரச நியமனத்துக்குக் காத்துக் கிடக்க, உம்மா உப்புச் சுமக்கும் கம்பனியிலேயே, காயப்பட்ட ஆட்களைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலை அவனுக்குக் கிடைத்தது. உம்மா உப்புக் கூடையோடு பாத்தி வரம்பில் சறுக்கி விழுந்து ஆறு மாதம். வலது தோள் இன்னும் சரியில்லை. பாரம் தூக்காத வேலைக்கு மாற்ற அவனுடைய அறிக்கை வேண்டும்.

கேள்வித்தாளை விரித்தான். உம்மா என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் மறைக்காதீங்க உம்மா. நம்மட ஆள்தான்."

உம்மா சொன்னார். விழுந்த நோவு குறைந்துவிட்டது. இப்போது எரிகிறது, விரல் வரைக்கும் எறும்பு ஊர்கிறது. கூடையைக் கண்டாலே நெஞ்சு அடிக்கிறது. இந்தக் கை இனிச் சரிவராது என்று நினைத்து நித்திரையும் இல்லை. சொல்லும்போதே அழுதார். அதுவரை அவர் அழுது நான் கண்டதில்லை.

இரண்டு கிழமையில் அறிக்கை வந்தது. தோள் அசைவு வேலைக்குப் போதுமாம். பயமும் மனச்சோர்வும்தான் காரணமாம். எரிவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சுப்பர்வைசர் சரீப் எல்லோர் முன்னாலும் உம்மாவைப் பார்த்துச் சிரித்தாராம். "ஜெய்னம்பு ராத்தா, கைக்கு ஒண்டுமில்லயாம், தலைக்குத்தானாம். அந்தத் தலையில கூடைய வைங்க!"

டிலக்‌ஷனைத் தேடிப் போனேன்.

"எரிவ ஏன்டா எழுதேல்ல?"

"எழுதினா நரம்பு டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கோணும். போன மாசம் ரெண்டு பேருக்குக் கேட்டு கம்பனிக்காரரிட்ட ஏச்சு வாங்கினன். பயம் இருக்கெண்டது பொய்யா சுல்பா?"

"பயந்தா நோவு கூடுமெண்டுதானே படிச்சம். நோவே இல்லயெண்டா படிச்சம்?"

"நீயும் வேலைக்கு வந்து பார். அப்ப விளங்கும்."

நரம்புக்கு ஒரு வைத்தியம். பயத்துக்கு, கையை மெல்ல மெல்லப் பழக்குவது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் கை எழும். அவனுக்கும் அது தெரியும். பரீட்சைக்கு அந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அன்று பின்னேரம், இனி நானே பார்க்கிறேன் என்று உம்மாவைக் கதிரையில் இருத்தினேன். தோளைத் தொட்டேன்.

"இதுல எரியிதா?"

"இல்ல."

என் விரலுக்குக் கீழே தசை துடித்துச் சுருங்கியது.

"உம்மா, நான் கேக்கிறன்."

"கேக்காத மகள். இனி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். உனக்கும்தான்."

கையைத் தூக்கச் சொன்னேன். போன மாதம் தாடை வரைக்கும் வந்த கை, இன்று நெஞ்சுக்கு மேல் எழவில்லை.