பத்து கெஜத்துக்கு நாலு வாய்ப்பு

தம்பி ஞானசீலன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த பந்தைப் பார்த்ததுமே தபித்தாளுக்கு இளக்காரம் வந்துவிட்டது. இரண்டு முனையும் கூம்பி, பெரிய பலாக்கொட்டை மாதிரி இருந்தது. கோத்தகிரியில் இருபத்தாறு வருஷமாக விளையாட்டு டீச்சராக இருப்பவள் அவள்.

“கையிலயே தூக்கிட்டு ஓடறதுக்கு ஃபுட்பால்னு பேரா?”

“உனக்குப் புரியாதுக்கா” என்றான் அவன்.

வந்த மூன்றாம் நாளே எஸ்டேட் ஆட்களைக் கூட்டி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தான். நடுவராக இருக்கச் சொல்லி அக்காவிடம் விதிகளை எழுதிக் கொடுத்தான். மத்தியானம் சோறு வேகும் நேரத்தில் அவள் படித்து முடித்துவிட்டாள். பக்கத்துக்குப் பதினோரு பேர். பத்து கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு. முன்னேறினால் மறுபடி நாலு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்து வைத்திருப்பவனைக் கீழே தள்ளிவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. ஒரு வாய்ப்பில் ஒரே முறைதான் முன்பக்கம் எறியலாம். அதுவும் அந்த வாய்ப்பு தொடங்கிய கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால்.

மைதானத்தில் ஞானசீலன் எல்லோருக்கும் விளக்கினான். குழந்தைகளுக்குச் சொல்வது போல ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னான். தேயிலை மூட்டை தூக்கும் சுடலைமணி கொட்டாவி விட்டான்.

ஒரு மணி நேரம் சேற்றில் புரண்டும் யாருக்கும் புள்ளி இல்லை. ஞானசீலன் அணிக்கு நாலாவது வாய்ப்பு வந்தது. அவன் பந்தோடு ஓடி, தொடங்கிய கோட்டைத் தாண்டி ஆறேழு அடி போன பிறகு முன்னால் நின்ற தன் அணி வேலனுக்கு எறிந்தான். வேலன் கடைசிக் கோட்டைத் தாண்டினான். ஞானசீலன் இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

தபித்தாள் விசில் ஊதினாள். “செல்லாது. கோட்டத் தாண்டித்தான் எறிஞ்சே. பந்து அவங்களுக்கு.”

அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். “விடுக்கா. இங்க யாருக்குத் தெரியப் போவுது?”

இத்தனை நேரம் அவளுக்கு அந்த ஆட்டத்தின் மேல்தான் இளக்காரம். இப்போது அது தம்பியின் மேல் திரும்பியது.

“எனக்குத் தெரியும். எழுதிக் குடுத்தது நீதான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “அங்க நெசமாவே ஆடியிருக்கியா, டிவில பாத்ததா?”

அவன் திரும்பித் தன் ஆட்களிடம் போனான்.

அடுத்த வாய்ப்பிலேயே எதிரணியின் சுடலைமணி பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூட்டையோடு லாரிக்கு நடப்பவன் போல நிதானமாகப் புறப்பட்டான். மூன்று பேர் அவன் இடுப்பில் தொங்கினார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி.

“இவ்வளவுதானுங்களா டீச்சர்?” என்று கேட்டான்.

“இவ்வளவுதான் சுடலை.”

ஞானசீலன் லீவு முடிவதற்கு நாலு நாள் முன்னதாகவே மேட்டுப்பாளையம் பஸ் ஏறினான். பந்தை எடுத்துப் போகவில்லை. திங்கட்கிழமை பள்ளியில், ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பெண் பிள்ளைகள் நச்சரித்ததால், முகத்தைச் சுளித்துக்கொண்டே தபித்தாள் அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தாள். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.