மதிலிலிருந்து நூறு கஜம்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் பிலிப் சார் சிகரெட்டை விட்டுவிடுவார். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் யாரிடமும் நின்று பேசாமல் நேரே சுரேஷ்குமாரின் பெட்டிக்கடைக்குப் போவார். ஆண்டவர் உயிர்த்த அதே காலையில் சாரின் பழக்கமும் உயிர்த்துவிடும். இருபத்தாறு வருடமாக இதில் மாற்றமில்லை.

அப்படிப்பட்டவரைக் கோயில் பங்கின் புகையிலை எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். கூட்டம் தவக்காலத்தில் நடந்ததுதான் காரணம்.

குழு பிறந்ததே அவர் சொன்ன ஒரு சம்பவத்தால். பங்குப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பையன் சீருடையோடு அந்தக் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கியதைப் பார்த்தாராம். அந்தப் பையன் கயிற்றில் தொங்கிய லைட்டரை நீட்டி, "சார், உங்களுக்கும் பத்த வைக்கட்டா?" என்று மரியாதையாகக் கேட்டதை மட்டும் கூட்டத்தில் சொல்லவில்லை.

பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது சட்டம். மீட்டரில் தொண்ணூற்றொன்றரை. அளந்து எழுதி மனு கொடுக்கவேண்டும். சனிக்கிழமை காலை, விளையாட்டு விழா டேப்போடு மந்தைவெளித் தெருவில் இறங்கினார்கள். முன்னால் குழுவிலிருந்த ஜொவிட்டா டீச்சர் டேப்பை இழுத்துக்கொண்டு போனார். பின்னால் சாக்பீஸோடு பிலிப் சார். பள்ளி கேட்டில் முதல் கோடு போட்டார்.

கடை வாசலில் கணக்கு முடிந்தது. தொண்ணூற்றேழு.

"அய்யோ சார், வெளில போயிடுச்சே!" ஜொவிட்டா டீச்சரின் முகம் வாடியது.

பிலிப் சாரின் மனதுக்குள் ஒரு சின்ன பேண்டு வாத்தியம் முழங்கியது. அளக்க வேண்டியது கேட்டிலிருந்து அல்ல, மதில் முடியும் மூலையிலிருந்து. கேட்டுக்கு இந்தப் பக்கம் மதில் இன்னும் பதின்மூன்று மீட்டர் கடையை நோக்கி நீள்கிறது. விதியைப் படித்தவர் அவர் ஒருவர்தான். கணக்கு வாத்தியார் அளந்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

"நான்தான் அப்பவே சொன்னேனே டீச்சர், ரூல்ஸ்படிதான் கீது கடை" என்றான் சுரேஷ்குமார். பிறகு குரலைத் தாழ்த்தி, சாரைப் பார்த்துக் கண்ணடித்தான். "கவலப்படாத சார். ஈஸ்டருக்கு உன் பாக்கெட்ட எடுத்து வெச்சிட்டேன்."

லைட்டர் காற்றில் மெல்ல ஆடியது. ஒரு பையனின் கை எட்டும் உயரத்தில்தான் அதைக் கட்டியிருந்தான்.

"டீச்சர், தப்பா அளந்துட்டேன்" என்றார் பிலிப் சார். "மதில் மூலைலேர்ந்து அளக்கணும்."

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். அதான் தப்பு."

ஜொவிட்டா டீச்சர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு மதில் மூலைக்கு நடந்தார். எண்பத்து நாலு.

சுரேஷ்குமார் தலையில் கைவைத்தான். "இன்னா சார், நீயே உன் வாய்ல மண்ணப் போட்டுக்கினியே!"

மனு போனது, அதிகாரிகள் வந்தார்கள், சிகரெட்டெல்லாம் போயிற்று.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்ததும் சாரின் கால்கள் கேளாமலே பழைய வழியில் நடந்தன. கடையில் முன்வரிசை முழுக்கக் கடலைமிட்டாய். லைட்டர் கட்டிய கயிற்றில் இப்போது ஷாம்பு பாக்கெட்டுகள்.

"எடுத்து வெச்சது…?" என்று இழுத்தார்.

"மனு குடுத்தது யாரு சார்?" சுரேஷ்குமார் ஒரு கடலைமிட்டாயை நீட்டினான். "இனிமே அதுக்கு லஸ் கார்னர் வரைக்கும் நடக்கணும் நீ."

பிலிப் சார் லஸ் பக்கம் பார்த்தார். நல்ல வெயில். சிகரெட் இல்லாத நாற்பத்தோராம் நாள் அவருக்குப் பழக்கமில்லாத நாள்; கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினார்.